705 கிலோமீட்டர் மேல இருந்து புல்மோட்டை மணல்

"தம்பி, சாட்டலைட்டில பாத்தா மண்ணுக்குள்ள தங்கம் கிடக்கிறது தெரியுமாமே, உண்மையா?" நான் ரிமோட் சென்சிங், அதாவது சாட்டலைட் படத்தை வச்சு நிலத்தை ஆராயிற வேலை, செய்யிறன் எண்டு தெரிஞ்ச ஆக்கள் திருகோணமலைல என்னைக் கண்டா முதல் கேக்கிறது இதைத்தான். எங்கயாவது புதையல் தோண்டி ஆக்கள் பிடிபட்ட செய்தி பேப்பரில வந்தா அந்தக் கிழமை இன்னும் கூடக் கேப்பாங்க. ரோட்டில நிண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்ல இது, அதால இண்டைக்கு ஆறுதலா இருந்து எழுதுறன். எங்கட மாவட்டத்தையே உதாரணமா வச்சு எழுதுறன், ஏனெண்டா இந்த விசயத்தைப் படிக்க எங்கட மாவட்டத்தைப் போல நல்ல இடம் இலங்கைல வேற இல்ல எண்டு நான் நினைக்கிறன்.

முதல் சுருக்கமான பதில்: மண்ணுக்குள்ள இருக்கிறது தெரியாது. சாட்டலைட்டில இருக்கிற சென்சர் பாக்கிறது வெயில் பட்டுத் தெறிச்சு வாற வெளிச்சத்தை, அந்த வெளிச்சம் மேல்தோலில பட்டுத்தான் திரும்புது, ஒரு மில்லிமீட்டர் கூட உள்ளுக்குப் போய் வாறதில்ல. மேல ஒரு அங்குலம் செம்மண் மூடிக் கிடந்தா அதுக்குக் கீழ என்ன கிடந்தாலும் படத்தில செம்மண்தான். அப்ப ஏன் உலகம் முழுக்க சுரங்கக் கம்பெனிகள் இதுக்குக் காசைக் கொட்டுது எண்டு கேட்டா, தாது எண்டது தனிய ஒரு மூலைல ஒளிஞ்சு கிடக்கிற சாமான் இல்ல. அது உருவாகேக்க சுத்தியிருந்த பாறையை மாத்திப்போட்டுத்தான் உருவாகியிருக்கும். சூடான தண்ணி பாறை வெடிப்புக்குள்ளால ஏறி செம்பையோ தங்கத்தையோ கொண்டுவந்து படிய விடேக்க, பக்கத்தில இருக்கிற பாறையில உள்ள கனிமங்கள் களிமண் கனிமங்களா மாறும், இரும்பு இருந்தா அது மேல வந்து காத்துப்பட்டுத் துருப்பிடிச்சு சிவப்பு மஞ்சளா நிக்கும். தாது இருக்கிற இடம் சின்னன், ஆனா இந்த மாறின பாறை அதைச் சுத்திக் கிலோமீட்டர் கணக்கில பரவியிருக்கும். சாட்டலைட் தேடுறது இதைத்தான்.

இனி இந்த வெளிச்சக் கணக்கு. எங்கட கண்ணுக்குத் தெரியிறது ஏறக்குறைய 0.4ல இருந்து 0.7 மைக்ரோமீட்டர் வரைக்கும் அலைநீளம் உள்ள வெளிச்சம் (மைக்ரோமீட்டர் எண்டா மில்லிமீட்டரில ஆயிரத்தில ஒரு பங்கு). அதைத் தாண்டியும் வெயிலில வெளிச்சம் இருக்கு. இரும்பு ஒக்சைட் 0.9 மைக்ரோமீட்டர் பக்கத்தில வெளிச்சத்தை உறிஞ்சும், நீலத்தையும் நல்லா உறிஞ்சும், சிவப்பைத் திருப்பி அனுப்பும். கயோலினைட் மாதிரி அலுமினியம் சேர்ந்த களிமண் கனிமங்கள் 2.2 மைக்ரோமீட்டரில உறிஞ்சும். சுண்ணாம்புப் பாறையும் மெக்னீசியம் சேர்ந்த கனிமங்களும் 2.3 பக்கம். இதெல்லாம் எங்களுக்குக் கண்ணால பாத்தாத் தெரியாது, எல்லாம் ஒரே சாம்பல் கல்லுத்தான். ஆனா சென்சர் வெளிச்சத்தை அலைநீளத் துண்டுகளாப் பிரிச்சு ஒவ்வொண்டையும் தனிய அளக்குது, அந்தத் துண்டுக்குப் பேர் பேண்ட். 1.6 மைக்ரோமீட்டர் பேண்டை 2.2 மைக்ரோமீட்டர் பேண்டால பிரிச்சா, களிமண் கனிமம் இருக்கிற பிக்சலில (படத்தின்ர ஒரு சின்னக் கட்டத்தில) விடை பெரிசா வரும், ஏனெண்டா மேல இருக்கிறது பெரிய எண், கீழ இருக்கிறது உறிஞ்சுப்பட்டுச் சின்னனாப் போன எண். இந்த வேலைல பாதி இப்பிடி ஒரு வகுத்தல்தான். ஏ.எல் கூடத் தேவையில்ல.

1972 யூலையில அமெரிக்காவின்ர லான்ட்சாட் எண்ட சாட்டலைட் வரிசையில முதலாவது ஏறினது. அதின்ர முக்கிய சென்சரில 4 பேண்ட்தான், ஒரு பிக்சல் ஏறக்குறைய 80 மீட்டர். அந்த 4 பேண்டை வச்சே 1974ல அமெரிக்கப் புவியியல் அளவைக்காரர் நெவாடாவில கோல்ட்ஃபீல்ட் பக்கத்துப் பாறைகளில பேண்டுகளை ஒண்டால ஒண்டைப் பிரிச்சுப் பாத்து, மாறின பாறை எங்க, மாறாத பாறை எங்க எண்டு கலரில பிரிச்சுக் காட்டினாங்க. அதே காலத்தில பாகிஸ்தானில சாகாய் எண்ட பாலைவனப் பக்கம், சைண்டாக் எண்ட இடத்தில செம்பு இருக்கிறது ஏற்கெனவே தெரியும், அந்த இடத்துப் பிக்சல் என்ன எண் காட்டுது எண்டு எடுத்து, அதே எண் காட்டுற வேற இடங்களைக் கொம்பியூட்டரால தேடி, பிறகு அங்க போய்ப் பாறையைப் பாத்தாங்க. இண்டைக்கு மெஷின் லேர்னிங் எண்டு பெரிய பேரில நாங்க செய்யிறதின்ர அடிப்படை அதுதான்.

1982ல லான்ட்சாட் 4 ஏறேக்க தெமாட்டிக் மெப்பர் எண்ட புது சென்சர் வந்தது. அதில 7ம் நம்பர் பேண்ட் ஒண்டு இருக்கு, 2.08ல இருந்து 2.35 மைக்ரோமீட்டர். ஆனா 6ம் நம்பர் பேண்ட் 10 மைக்ரோமீட்டருக்கு மேல உள்ள வெப்பப் பேண்ட். அலைநீள ஒழுங்கில பாத்தா 7 முதல் வந்திருக்க வேணும். முதல் திட்டத்தில அந்தப் பேண்டே இல்ல, புவியியல் ஆக்கள் விடாமக் கேட்டுக் கேட்டுக் கடைசியில சேர்த்ததால கடைசி நம்பர். பயிரும் காடும் பாக்கிறதுக்கு எண்டு கட்டின ஒரு சென்சரில கல்லுப் பாக்கிற ஆக்கள் கேட்டு வாங்கின இடம் அது. எனக்கு இந்தக் கதை மிச்சம் பிடிக்கும்.

பிறகு 1999 டிசம்பரில ஜப்பானும் நாசாவும் சேர்ந்து டெர்ரா சாட்டலைட்டில அஸ்டர் எண்ட சென்சரை அனுப்பினாங்க. அந்த ஒரே 7ம் பேண்ட் இருந்த பகுதியை அஸ்டர் 5 பேண்டாப் பிரிச்சது, அதோட வெப்பப் பகுதியிலயும் 5 பேண்ட். அலுனைட், கயோலினைட் எண்ட, கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியிற ரெண்டு கனிமத்தையும் வேறாக்கிற அளவுக்கு வேலை செய்யும். துரதிர்ஷ்டம் என்னெண்டா 2008 ஏப்ரலோட அந்த முக்கியமான பேண்டுகள் பழுதாப் போச்சு. இருந்தாலும் அதுக்கு முந்தி எடுத்த படங்கள் இருக்குத்தானே, கல்லு 20 வருஷத்தில மாறாது, அதால இண்டைக்கும் கனிமம் தேடுற ஆக்கள் முதல் எடுத்துப் பாக்கிறது அந்தப் பழைய அஸ்டர் படங்களைத்தான். 2016ல இருந்து அது எல்லாருக்கும் சும்மா கிடைக்குது.

இவ்வளவும் பாலைவனத்துக்கு நல்லா சரி. எங்கட ஊருக்கு வருவம்.

திருகோணமலையின்ர அடி எலும்பு மிகப் பழைய உருமாறின பாறை. புவியியல் ஆக்கள் உயர்நிலத் தொகுதி எண்டு சொல்லுற நெய்ஸ் பாறையும் குவார்ட்சைட்டும். எங்கட துறைமுகத்தைச் சுத்தி நிக்கிற மேடுகள் கடலுக்குக் கரைஞ்சு கொடுக்காம நிக்கிறதுக்கு இந்தக் குவார்ட்சைட்டின்ர கடினம் பெரிய காரணம். இந்தப் பாறைகளுக்குள்ள பொடிப்பொடியா இல்மனைட், ரூட்டைல், சிர்கோன், கார்னட், மொனசைட் எண்ட பாரமான கனிமங்கள் எல்லாம் கிடக்கு. கோடிக்கணக்கான வருஷ மழைல பாறை உக்கி, ஆறு கொண்டுபோய்க் கடலில விட, கடல் அதைக் கரை வழிய நகர்த்த, மணலாகுது. குவார்ட்ஸ் மணலின்ர அடர்த்தி 2.65, இல்மனைட் 4.7 பக்கம், சிர்கோனும் கிட்டத்தட்ட அவ்வளவு. அம்மா சுளகில புடைக்கேக்க பாரமானது நிண்டு பதர் போற மாதிரித்தான் அலை ஒவ்வொண்டா வந்து வந்து லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகுது, பாரமான கறுப்பு கரையில நிக்குது.

இது நடந்த இடம்தான் புல்மோட்டை. திருகோணமலை டவுனில இருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கால 50 கிலோமீட்டருக்கு மேல போகவேணும், அங்கால கொக்கிளாய்க் களப்பு, அதோட முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குது. அந்தக் கரையில அள்ளுற மணலில அரைவாசிக்கு மேல பாரக் கனிமம், அதிலயும் பெரும்பங்கு இல்மனைட். உலகத்தில கடற்கரை மணலில இவ்வளவு செறிவா இருக்கிற இடங்கள் விரல் விட்டு எண்ணலாம். அதுக்குக் கிட்டத்தான் அரிசிமலைக் கடற்கரை. அங்க மணல் அரிசி அரிசியா வெளிறின குவார்ட்ஸ். கொஞ்சத் தூரத்துக்குள்ள ஒரு கரை வெள்ளை, இன்னொரு கரை கறுப்பு. ஸ்கூல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேணும் இதை, புத்தகத்தில ஒரு மாசம் படிக்கிறதை அரைநாளில கையில அள்ளிப் பாக்கலாம்.

அந்தக் கறுப்பு மணல்தான் கப்பலேறிப் போய் வெள்ளைப் பெயின்டா வருது. இல்மனைட்டிலயும் ரூட்டைலிலயும் இருக்கிற டைட்டேனியத்தை டைட்டேனியம் டயொக்சைட் ஆக்கினா அது உலகத்தில இருக்கிற நல்ல வெள்ளைகளில ஒண்டு, பெயின்டில, பிளாஸ்டிக்கில, பற்பசையில கூடப் போடுறது. சிர்கோன் தரை டைல்ஸுக்குப் போகுது. 1957ல இருந்து அரச நிறுவனம் ஒண்டு இதுக்கெண்டே இருக்கு, இப்ப லங்கா மினரல் சாண்ட்ஸ் எண்டு பேர். இவ்வளவு வருஷமா நாங்க பெரும்பாலும் மணலைப் பிரிச்சு மணலாத்தான் விக்கிறம், அதைப் பெயின்டுத்தூளாக்கிற தொழிற்சாலை இஞ்ச வரேல்ல. இது எனக்கு உண்மையா வருத்தம்.

சரி, புல்மோட்டையை சாட்டலைட்டில பாத்தா என்ன தெரியும்? இதுதான் நான் மிச்சம் மினக்கெட்ட விசயம்.

முதல் பிரச்சினை, இல்மனைட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான அடையாளம் ஒண்டும் இல்ல. கயோலினைட்டுக்கு 2.2ல ஒரு பள்ளம் இருக்கு எண்டு சொன்னன்தானே, இல்மனைட் அப்பிடி இல்ல, அது எல்லா அலைநீளத்திலயும் வெளிச்சத்தைக் குடிச்சுப்போட்டு இருட்டா நிக்கும். படத்தில இருட்டா நிக்கிற சாமான் எங்கட ஊரில எத்தினை இருக்கு? ஈர மணல் இருட்டு. களப்புச் சேறு இருட்டு. சேனைக்கு எரிச்ச நிலம் இருட்டு. முகில் நிழல் இருட்டு. தார் ரோட்டும் இருட்டு. அப்ப "கறுப்பா இருக்கு, அப்ப இல்மனைட்" எண்டு கணக்குப் போட்டா, கொக்கிளாய்க் களப்புக் கரை முழுக்க இல்மனைட் எண்டு வரும்.

இதைப் பிரிக்கிறதுக்குச் சில வழி இருக்கு. ஒண்டு காலம். ஒரு படத்தை நம்பக் கூடாது. ஐரோப்பாவின்ர சென்டினல் 2 சாட்டலைட் இரண்டும் சேர்ந்து 5 நாளைக்கு ஒருக்கா மேலால போகுது, கண்ணுக்குத் தெரியிற பேண்டுகளில பிக்சல் 10 மீட்டர். கச்சான் காத்து அடிக்கிற யூன், யூலை, ஓகஸ்டில எங்கட பக்கம் முகில் குறைவு, நிலமும் காஞ்சு கிடக்கும். அந்த மாசங்களில எடுத்த படங்களை வருஷக்கணக்கில அடுக்கி ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு எண்ணை எடுத்தா, ஈரத்தால ஒருநாள் கறுத்த மணல் வெளிச்சுப் போயிடும், எரிச்ச சேனை அடுத்த வருஷம் பச்சையாயிடும், முகில் நிழல் காணாமப் போயிடும். எப்பவும் கறுப்பா நிக்கிறது மட்டும் மிஞ்சும். ஒக்டோபர் தொடங்கி மாரி முடியுமட்டும் எடுத்த படங்களை இந்த வேலைக்குத் தொடாதீங்க, வாடைக் காத்தோட வாற முகிலில ஒண்டும் தெரியாது, தெரிஞ்சாலும் எல்லாம் ஈரம்.

இரண்டாவது வெப்பம். நிலாவெளி வெள்ளை மணலில மத்தியானம் வெறுங்காலோட நடக்கலாம் எண்டா அது வீரம், புல்மோட்டைக் கறுப்பு மணலில நடக்கவே ஏலாது. லான்ட்சாட் 705 கிலோமீட்டர் உயரத்தில எங்கட தலைக்கு மேலால போறது காலம பத்து மணி தாண்டி, அந்த நேரத்துக்கே காஞ்ச கறுப்பு மணல் நல்லாச் சூடேறத் தொடங்கியிருக்கும். சேறும் ஈர மணலும் பாக்கக் கறுப்பு, ஆனா குளிர். அப்ப இருட்டும் சூடும் சேர்ந்து வாற பிக்சல் கனிய மணலா இருக்க வாய்ப்புக் கூட. ஆனா இஞ்ச ஒரு இடக்கு இருக்கு. லான்ட்சாட் 8ன்ர வெப்ப சென்சரில ஒரு பிக்சல் 100 மீட்டர், எங்கட கடற்கரை கன இடத்தில அவ்வளவு அகலமே இல்ல. ஒரு பிக்சலுக்குள்ள பாதி கடல், கொஞ்சம் மணல், மிச்சம் தாழைப் பத்தை. மூண்டும் சேர்ந்த ஒரு சராசரி எண்ணை வச்சு மணலின்ர சூட்டைச் சொல்ல ஏலாது. அகலமான கரையில மட்டும்தான் இது உதவும்.

மூண்டாவது, எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி, மணலின்ர நிறத்தை விட்டுட்டு நிலத்தின்ர வடிவத்தைப் பாக்கிறது. கடல் மட்டம் எப்பவும் இண்டைக்கு இருக்கிற இடத்தில இருந்ததில்ல. முந்தி கரை இருந்த இடங்களில அலை அதே வேலையைச் செய்திருக்கும், பாரக் கனிமத்தைச் சேத்து வச்சிருக்கும். அந்தப் பழைய கரைமேடுகள் இப்ப உள்ளுக்குப் பத்தைக்காட்டுக்குக் கீழ கிடக்கலாம். மேட்டில தண்ணி நிக்காது, ரெண்டு மேட்டுக்கு நடுவில பள்ளத்தில தண்ணி நிக்கும், அதால மேட்டில ஒரு விதமான செடி, பள்ளத்தில இன்னொரு விதம். படத்தில கரைக்குச் சமாந்தரமா வரிவரியாத் தெரியும். தரையில நிண்டு பாத்தாப் பத்தையைத் தவிர ஒண்டும் தெரியாது. உலகத்தில கனிய மணல் தேடுற ஆக்கள் முதல் தேடுறது இந்த வரிகளைத்தான், பிறகு ரேடார் அளந்த உயரத் தரவை வச்சுப் பாப்பாங்க, பிறகு கைத்துளைக் கருவியோட போய்க் கீழ என்ன இருக்கெண்டு எடுப்பாங்க.

புல்மோட்டைல மணல் ஆலையில கனகாலம் வேலை செய்த ஒரு நானாவோட ஒருக்கா கரையில நிண்டு கதைச்சன். லெப்டொப்பில படத்தைக் காட்டினன். கொஞ்ச நேரம் பாத்திட்டுச் சொன்னார், "தம்பி, நீங்க மேல உள்ளதைத்தான் பாக்கிறீங்க. இஞ்ச வாங்க." காலால மணலைக் கொஞ்சம் தள்ளி, பிறகு கையால ஒரு முழம் தோண்டினார். வெட்டின பக்கத்தில கறுப்பு, வெளிறல், கறுப்பு, வெளிறல் எண்டு தட்டுத் தட்டா நிண்டது. "மேல வெள்ளையாக் கிடக்கிற இடத்தில கீழ நல்ல கறுப்புக் கிடக்கும், மேல கறுத்த இடத்தில ரெண்டு விரக்கடைக்குக் கீழ ஒண்டும் இருக்காது. மாரி முடிய வந்து பாருங்க, கடல் கொந்தளிச்சுக் கொண்டுவந்து போட்டிருக்கும், அப்ப பாக்கிற கரை இது இல்ல." நான் சட்டைப்பையில வச்சிருந்த சின்னக் காந்தத்தை மணலுக்குள்ள விட்டுக் காட்டினன், கொஞ்சம்தான் ஒட்டினது. அவர் உடன சொன்னார், "அது மக்னடைட் தம்பி, இல்மனைட்டுக்கு இந்தக் காந்தம் காணாது, ஆலையில இருக்கிற காந்தம் வேற." சரியான பேச்சு. மக்னடைட் காந்தத்தில நல்லா ஒட்டுற இரும்புக் கனிமம், இல்மனைட் பலவீனமாத்தான் காந்தத்துக்கு இழுபடும், அதைப் பிரிக்கப் பலமான காந்தப் பிரிகருவி வேணும். ரிமோட் சென்சிங்கில தரைச் சரிபார்ப்பு எண்டு ஒரு வேலை இருக்கு, படத்தில சொன்னது தரையில சரியா எண்டு போய்ப் பாக்கிறது. அந்தத் தரைச் சரிபார்ப்புக்கு எனக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்கப் போறதில்ல.

இனி மாவட்டத்தின்ர தெக்குப் பக்கம். கொட்டியாரக்குடாவுக்கு அங்கால, மூதூர், தோப்பூர் தாண்டிப் போனா சேருவில. அங்க செம்பும் மக்னடைட்டும் சேர்ந்த தாது இருக்கு. எங்கட ஆக்களில கனபேருக்கு இது தெரியாது. 1971ல அப்ப இருந்த புவியியல் அளவைத் திணைக்களம் கண்டுபிடிச்சது, முதல் லான்ட்சாட் ஏறுறதுக்கு ஒரு வருஷம் முந்தி, கல்லு கல்லாத் தட்டி நடந்து பாத்துக் கண்டுபிடிச்சது. அந்த ஆக்களை நினைச்சா எனக்குப் பெரிய மரியாதை. அந்தக் காட்டில, அந்த வெயிலில, ஜிபிஎஸ் இல்லாத காலத்தில.

இப்ப அதே சேருவிலயை ஆரும் முதல் தரம் தேடுறாங்க எண்டு வைப்பம், சாட்டலைட் எவ்வளவு உதவும்? தாது இருக்கிறது ஒடுங்கின பட்டையாக் கீழ. மேல மண், மண்ணுக்கு மேல உலர்வலயக் காடு. 7ம் பேண்டை வச்சுக் களிமண் தேடினா அறுவடை முடிஞ்ச வயல் எல்லாம் எரியிற மாதிரித் தெரியும், குளக்கட்டு தெரியும், செங்கல் சூளை தெரியும். இரும்பு தேடினா கிரவல் ரோட்டு எல்லாம் தெரியும். நேரடியாச் செம்பைக் காட்டாது. ஆனா ஒரு பெரிய விசயத்தைக் காட்டும். சேருவிலத் தாது கிடக்கிறது உயர்நிலத் தொகுதிப் பாறையும் கிழக்குப் பக்கத்து விஜயன் தொகுதிப் பாறையும் சந்திக்கிற எல்லையில. ரெண்டு பெரிய பாறைத் தொகுதி முட்டின கோடு. அந்த எல்லையும், அதை வெட்டிப் போற வெடிப்புகளும், மேல காடு மூடியிருந்தாலும் நிலத்தின்ர வடிவத்தில தெரியும்: ஆறு திடீரெண்டு நேராத் திரும்பும், மலை முதுகுகள் ஒரே பக்கம் சாஞ்சு வரிசையா நிக்கும், மரம் ஒரு கோட்டில கூடப் பச்சையா நிக்கும். 2000 பெப்ரவரியில விண்ணோடம் ஒண்டு 11 நாள் சுத்தி ரேடாரால எடுத்த உயர வரைபடம் இருக்கு, அதில பக்கவாட்டா வெளிச்சம் போட்டுப் பாத்தா இந்தக் கோடுகள் அப்பிடியே எழும்பி வரும். அந்தக் கோட்டில எங்க எங்க நடக்க வேணும் எண்டு தெரிவு செய்திட்டு, அதுக்குப் பிறகு காந்தமானியைத் தூக்கிக்கொண்டு போகலாம், மக்னடைட் இருக்கிறதால தாது இருக்கிற இடத்தில அது துள்ளும். ஒரு வருஷ நடையை ஒரு மாசமாக் குறைக்கிறது, அதுதான் சாட்டலைட் செய்யிற வேலை. அது சின்ன உதவி இல்ல.

மொனசைட்டைப் பற்றியும் ஒரு சொல்லு. அரிய மண் உலோகங்கள் எண்டு இப்ப எல்லா நாடும் ஓடித்திரியிற சாமான் மொனசைட்டுக்குள்ள இருக்கு, கூடவே கதிர் வீசுற தோரியமும். புல்மோட்டை மணலில அது மிகக் கொஞ்சம், கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியிலயும் கேரளாவில சவறாவிலயும் அதைவிடக் கூட. தோரியத்தின்ர கதிரை சாட்டலைட்டால பிடிக்க ஏலாது, காத்தே அதை உறிஞ்சிப்போடும், தாழப் பறக்கிற விமானத்தாலயோ தரையில நிண்டோதான் முடியும். ஆனா மொனசைட்டுக்குள்ள நியோடிமியம் எண்ட அரிய மண் உலோகம் இருக்கு, அதுக்கு 0.58, 0.74, 0.80, 0.87 மைக்ரோமீட்டரில ஒடுங்கின பள்ளங்கள் இருக்கு. லான்ட்சாட்டின்ர அகலமான பேண்டுகளுக்கு அது தெரியாது. 2022ல சர்வதேச விண்வெளி நிலையத்தில எமிட் எண்ட கருவி வச்சாங்க, பாலைவனத் தூசியில என்ன கனிமம் எண்டு பாக்கிறதுக்கு, அதில 285 பேண்ட். பிக்சல் 60 மீட்டர். ஒரு பிக்சலில மிகக் கொஞ்சமாக் கிடக்கிற மொனசைட் அவ்வளவு பெரிய பிக்சலில தெரியிறது கஷ்டம்தான், ஆனா கருவிகள் போற திசை அதுதான், பிக்சல் சின்னனாகும், பேண்ட் கூடும். அதே வருஷம் ஜேர்மன்காரரின்ர என்மெப் சாட்டலைட் ஏறினது, அது 30 மீட்டர்.

இலங்கைல கனிமத் தேடலுக்கு எங்கட ஆக்களில ஒருத்தர்தான் தொடக்கம் எண்டதையும் இந்த இடத்தில சொல்லாம விட மனம் வரேல்ல. ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதின பெரிய மனிசனாத்தான் அவரை எல்லாருக்கும் தெரியும், ஆனா அவர் முதல் புவியியலாளர். 1903ல தொடங்கின இலங்கைக் கனிம அளவைக்கு முதல் பணிப்பாளர் அவர்தான், 1904ல தோரியனைட் எண்ட புதுக் கனிமம் வெளிவந்ததும் அவராலதான். அந்த மனிசன் நடந்து பாத்தார், இதெல்லாம் வரமுந்தி.

நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறன் எண்டா, இந்தப் படங்கள் எல்லாம் எல்லாருக்கும் சும்மா கிடக்கு. லான்ட்சாட் 2008ல இருந்து இலவசம், சென்டினல் தொடக்கத்தில இருந்தே இலவசம், வரைபடம் செய்யிற கியூஜிஐஎஸ் சொஃப்ட்வெயார் இலவசம், சாட்டலைட் படங்களை இணையத்திலயே கணக்குப் போடுற கூகிள் ஏர்த் எஞ்சினில எக்கவுன்ட் போட்டா உங்கட பழைய லெப்டொப்பிலயே 40 வருஷப் படத்தை அடுக்கலாம். தோண்டுறதுக்கு உரிமம் வேணும், 1992ம் ஆண்டு 33ம் இலக்கச் சட்டத்தின் கீழ புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் தாறது அது. பாக்கிறதுக்கு ஒரு உரிமமும் தேவையில்ல. மன்னார்த் தீவில கனிய மணல் அள்ளுறதுக்கு எதிரா சனம் ரோட்டில இறங்கி நிண்டதை எல்லாரும் பாத்தம். அங்க மணல் அள்ள வாற ஆக்கள் கையில வரைபடம் இருக்கு, எந்த மேட்டில எவ்வளவு இருக்கெண்டு கணக்கு இருக்கு. ஊர்ச்சனத்தின்ர கையில என்ன இருக்கு? எங்க நிலத்தடித் தண்ணி எடுக்கிறம், எந்த மேடு கடலைத் தடுக்குது எண்ட அனுபவம் இருக்கு, அது பெரிய அறிவு, ஆனா அதைப் படத்தில போட்டு மேசையில வைக்க ஒரு ஆள் வேணும். எந்த மணல்மேட்டை எடுத்தா எந்தக் கிராமத்துக் கிணறு உவராகும் எண்டு கேக்கிறதுக்கு அந்த மேடு எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு நாங்களே கீறத் தெரிஞ்சிருக்க வேணும். தாது தேடுற அதே படம், அதே பேண்ட், அதே வகுத்தல்தான் இதுக்கும்.

எங்கட பெடியள், பிள்ளைகள் கம்பஸில ஜிஐஎஸ் படிச்சிட்டு வேலை இல்லாம இருக்கிறாங்க. அவங்களுக்குப் படிப்பிக்கேக்க வாற உதாரணம் எல்லாம் நெவாடா, சிலி, அவுஸ்திரேலியா. புல்மோட்டையை வச்சுப் படிச்சா இருட்டுக் கனிமம், ஈரம், ஒடுங்கின கரை, முகில், மாறுற கடல் எல்லாம் ஒரே இடத்தில வரும். சேருவிலயை வச்சுப் படிச்சா காட்டுக்குக் கீழ இருக்கிறதை எப்பிடித் தேடுறது எண்டு வரும். பாலைவனத்தில படிக்கிறது இலகு, எங்கட இடத்தில படிச்சவன் எங்க போனாலும் வேலை செய்வான்.

இப்ப நான் செய்துகொண்டு இருக்கிறது கொக்கிளாய்ல இருந்து குச்சவெளி மட்டும் கரைக்கோடு 1980களில இருந்து எப்பிடி அசைஞ்சிருக்கு எண்டு ஒரு அடுக்கு. களப்பு வாய் திறக்கிறதும் மூடுறதும், மணல் நாக்கு வளருறதும் தேயிறதும், கறுப்பு மணல் சேருற இடத்தை அதுதான் தீர்மானிக்குது. ஆனா பழைய படங்களில 16 நாளைக்கு ஒரு படம், அதிலயும் முகில், மாரி மாசங்களில ஒண்டுமே இல்ல. சண்டைக் காலத்தில அந்தக் கரைக்குப் போய் அளந்த ஆக்களும் குறைவு. அந்த ஓட்டைகளை நிரப்பக் கூடியது அங்க இருந்த சனம்தான். புல்மோட்டை, கொக்கிளாய், புடவைக்கட்டுப் பக்கம் கரைவலை இழுத்த ஆக்கள், வாடி போட்டிருந்த ஆக்கள், உங்கட வாப்பாவோ அப்பாவோ, களப்பு வாய் எந்தப் பக்கம் திறந்திருந்தது, எந்த வருஷம் வள்ளம் போகேலாம மூடினது, கறுப்பு எங்க கூட ஒதுங்கினது எண்டு சொன்னா கேட்டு எழுதி அனுப்புங்க. பழைய போட்டோ இருந்தா இன்னும் நல்லம், பின்னால ஒரு மரமோ கோயிலோ பள்ளியோ தெரிஞ்சா இடத்தைப் பிடிச்சிடலாம். திகதி வேண்டாம், வருஷமும் மாரியா கோடையா எண்டதும் தெரிஞ்சாப் போதும், மிச்சப் படத்தை நான் தேடி எடுக்கிறன்.